இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்

என் மகளோடு போனில் நான் பேசிய பேச்சையெல்லாம் ஒன்று சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குள் அடக்கிவிடலாம். நல்லா இருக்கியா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா, சாப்பிட்டியா, அங்க மழை உண்டா. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சொல்லில் பதில் சொல்வாள். பிறகு என் வாய் தானாகச் சொல்லும்: "இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்." போன் என் மனைவியின் கைக்குப் போகும். உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பாள், துணி மடிப்பாள், திடீரென்று கொல்லைப் பக்கம் போய் நின்று குரலைத் தாழ்த்துவாள். முடித்து வந்ததும், என்ன விஷயம் என்று கேட்பேன். "ஒன்னுமில்ல, சும்மாதான்" என்பாள். ஒன்றுமில்லாததை ஒரு மணி நேரம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேலி செய்வேன்.

அப்போது எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அப்பாக்கள் எல்லாரும் இப்படித்தான். பிள்ளையின் குரலை வாசலில் வாங்கிப் பத்திரமாக அடுக்களையில் சேர்ப்பது எங்கள் வேலை. அதிலும் நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். போன் எனக்கு வேலைச் சாமான். "லைன் ஆஃப் பண்ணியாச்சா, ஏறலாமா?" "ஏறலாம்." அவ்வளவுதான், வைத்துவிட வேண்டும். கம்பத்தில் ஒருவனை நிறுத்திவைத்துவிட்டு நலம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

போன வருஷம் ஆடியில் என் மனைவி போய்விட்டாள். நோயைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அவளே அதைப் பற்றி யாரையும் பேச விட்டதில்லை.

மகள் புனேயில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கார் கம்பெனியில் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். காரியமெல்லாம் முடிந்து இருவரும் ரயிலேறிப் போனார்கள். போய்ச் சேர்ந்ததைச் சொல்ல அவள் கூப்பிட்டாள். நல்லா இருக்கியா என்றேன். சாப்பிட்டியா என்றேன். மாப்பிள்ளை டூட்டிக்குப் போயிட்டாரா என்றேன். என் சரக்கு தீர்ந்துவிட்டது. அடுத்து வழக்கமாக வருகிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை அடக்கிக்கொண்டேன். கையை அடக்க முடியவில்லை.

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு மாடம் உண்டு. வீடு கட்டியபோது அந்தக் காலத்துப் பெட்டி டிவி வைக்கவென்று கொத்தனார் ஆழமாக விட்டுக் கட்டியது. மேலும் கீழும் பக்கங்களும் சிமெண்டுப் பூச்சு. தட்டை டிவி வந்ததும் அதைச் சுவரில் மாட்டிவிட்டோம், மாடம் காலியானது. இப்போது அதில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் மனைவியின் படம், முன்னால் ஒரு விளக்கு. அன்றைக்கு என் கை போனைக் கொண்டுபோய் அந்தப் படத்தின்மேல் சாய்த்து வைத்தது. தூரத்திலிருந்து எனக்கும் கேட்க வேண்டுமே என்று ஸ்பீக்கரை அமுக்கினேன். எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மனைவி போனில் பேசும்போது நான் எப்போதும் உட்காரும் நாற்காலி அதுதான்.

ஒரே ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் அம்மா பேசும் பாதி மட்டும் என் காதில் விழும். இப்போது மகள் பேசும் பாதி விழுந்தது. மராத்தியில் பேரம் பேசத் தெரியாமல் முழித்தது, பால்காரர், குளிர், மாடியில் புறா முட்டை வைத்திருப்பது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் நாற்காலியிலிருந்து உரக்க "ம், அப்படியா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. சமைக்கப் பழகிக்கொண்டேன், துணி துவைக்கப் பழகிக்கொண்டேன். எந்தச் சாமான் எந்த டப்பாவில் என்பதையும் தேடித் தேடிப் பழகிக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து பூட்டைத் திறந்து உள்ளே காலை வைக்கும்போது, நான் போட்டுவிட்டுப் போன துண்டு போட்ட இடத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்தால் கோபம் வரும். யாராவது அதை எடுத்து, "வயசுக்கு ஏத்த புத்தி வேணாமா" என்று திட்டிக்கொண்டே கொடியில் போட வேண்டும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மகள் கூப்பிடுவாள். மற்ற நாட்கள் அந்த இரண்டு நாட்களுக்குக் காத்துக்கிடந்தன.

இன்னொரு குரலும் அவ்வப்போது வரும். அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா. தம்பி பட்டினி கிடக்கிறானோ என்று சாயங்காலம் தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டு வரும். நல்ல மனசு, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. மாடத்திலிருந்து மகள் குரல் கேட்டால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சில் சேர்ந்துகொள்ளும்.

மாப்பிள்ளை இந்தப் பொங்கலுக்கு எனக்குப் புதுப் போன் வாங்கி அனுப்பினார். பழைய போனில் ஸ்பீக்கர் போட்டால் கொசு ரீங்காரம்தான் கேட்கும், இது ஊரைக் கூட்டியது. சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டேன். கூடம் நிறைந்தது. மகள் உள்ளே நடமாடிக்கொண்டே பேசுவது மாதிரி இருந்தது. வினையும் அப்போதுதான் ஆரம்பித்தது.

"அப்பா, நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குதுப்பா."

"என்னத்தா சொல்ற?"

"எதிரொலி மாதிரி. நான் சொன்னதையே ரெண்டாந் தடவை யாரோ சொல்றாங்க. கேட்டுக்கிட்டே பேச முடியல."

எனக்கு அவள் குரல் பளிச்சென்று கேட்டது. எதிரொலி கேட்பது அவளுக்கு, ஆகவே கோளாறு அவள் பக்கம் என்று முடிவு கட்டினேன். லைன்மேன் புத்தியே அதுதான். ஃபால்ட் என்று தகவல் வந்தால் எந்த செக்ஷன் ஆபீசும் முதலில் சொல்வது, "இங்கிட்டு ஒன்னுமில்ல, அங்கிட்டுப் பாருங்க." இத்தனைக்கும் ஒரு தெருவில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் அடுத்த தெரு டிவி எரிந்துபோகும் என்று தெரிந்தவன் நான். கோளாறு ஓரிடம், அழுகை வேறிடம். தெரிந்ததெல்லாம் தனக்கென்று வரும்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் அன்றைக்கு ஏதோ தயங்கித் தயங்கிப் பேசினாள். "அப்பா, ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து அக்கா தூக்குச்சட்டியோடு நுழைந்தது. வந்த வேகத்தில் மாடத்தைப் பார்த்து, "என்ன ஆத்தா, நல்லா இருக்கியா? ஏதும் விசேஷம் உண்டா? எத்தனை நாளைக்குத்தான் எங்கள வாயக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்ற?" என்றது.

கல்யாணமாகிச் சில வருஷம் ஆன பெண்ணிடம் எங்கள் ஊரில் விசேஷம் உண்டா என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இல்லத்தை," என்றாள் மகள். கொஞ்சம் பொறுத்து, "எதிரொலி தாங்கலப்பா, தலை வலிக்குது. அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதிலிருந்து பேச்சு சுருங்கிப்போனது. புறா கிடையாது, பால்காரர் கிடையாது. நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. என் தபால் அட்டையை அவள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் எதிரொலி என்பாள், வைத்துவிடுவாள். சில புதன்கிழமைகளில் கூப்பிடுவதும் இல்லை. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மாடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். படம் என்னைப் பார்க்கும். ஓர் எதிரொலி என் மகளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறதே என்று ஆத்திரமாக வந்தது. இதைச் சரி செய்யாவிட்டால் நான் கம்பம் ஏறியதற்கு அர்த்தமே இல்லை என்று வைராக்கியம் வைத்தேன்.

முதலில் போன் உறையைக் கழற்றி எறிந்தேன். அடியில் இருக்கும் சின்ன ஓட்டையை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அணைத்து அணைத்துப் போட்டேன். வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். ஒரு பதிவு செய்த குரல், தமிழுக்கு இதை அமுக்கு அதற்கு அதை அமுக்கு என்று என்னைச் சுற்றி வரவைத்து, கடைசியில் போனை அணைத்துப் போடச் சொன்னது. சிம் கம்பெனியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பஸ்ஸேறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். கீழராஜ வீதியில் போன் பழுது பார்க்கும் கடை ஒன்று. கடைக்காரர் என் போனிலிருந்து தன் போனுக்குக் கூப்பிட்டு, நான் தெருவில் நிற்க அவர் உள்ளே நின்று பேசிப் பார்த்தார். எதிரொலி இல்லை.

"செட்டு நல்லா இருக்குய்யா. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுவீங்களோ?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பச் சண்டையை ஸ்பீக்கரில் நடத்துகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கும் அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் ஒருவருடைய மாமியார் வீட்டு வழக்கைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"நான் என்ன மீன் ஏலமா விடுறேன், ஸ்பீக்கர்ல பேச?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. மாடத்தில் போனை வைப்பது என் மனக்கணக்கில் ஸ்பீக்கரில் பேசுவதாகவே சேரவில்லை. நான் போனை அவளிடம் கொடுத்தேன், அவ்வளவுதான். விளக்கு ஏற்றுவதைப் போல அதுவும் கையோடு சேர்ந்துவிட்ட காரியம்.

அக்காவுக்குக் கூப்பிட்டுச் சோதித்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான் பேசுவது கேட்கிறதா, நீ பேசுவது உனக்கே திரும்பக் கேட்கிறதா என்று கேட்டேன். "எனக்கு ஒன்னும் திரும்பல. ஒனக்குத்தான் என்னமோ திரும்பிருச்சு. வெயில்ல அலையாத" என்றது அக்கா. ஆக என் போன் சுத்தம். மகளிடம் அவள் போனைக் கடையில் காட்டச் சொல்லிக் கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடத்திலிருந்து பதில் வந்தது. அக்கா அப்போது கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

"காட்டினேன்ப்பா."

"என்ன சொன்னாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒன்னும் இல்லைன்னுட்டாங்கப்பா."

"அதெப்படி ஒன்னும் இல்லாம இருக்கும்?" என்று நான் சத்தம் போட்டேன். அவள் சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

ஆவணியில் கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். கடலோரத்து மணமேல்குடியில் மண்டபம். பந்தி முடிந்து வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். மேளச் சத்தத்தில் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு பேசினேன்.

"அப்பா, இன்னைக்கு எதிரொலி இல்லப்பா," என்றாள். குரலே மாறியிருந்தது. "எங்க இருக்கீங்க? பக்கத்துல ஆளுக இருக்காங்களா?"

"கல்யாண மண்டபம்த்தா. இங்க ஆளுக்கா பஞ்சம்?"

"சரி. வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடுங்க. மறந்துறாதீங்க."

நான் எப்படி மறப்பேன்? ஆனால் என் புத்தி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் எதிரொலி இல்லை, வீட்டில் இருக்கிறது. அப்படியானால் கோளாறு புனேயில் இல்லை, எங்கள் ஊர் டவரில். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். வழக்கப்படி மாடத்தில் வைத்தேன். "வந்துட்டேன்த்தா, சொல்லு" என்றேன் நாற்காலியிலிருந்து.

"ஒன்னுமில்லப்பா. சும்மாதான்" என்றாள்.

டவர்தானா என்று உறுதி செய்ய வேண்டும் அல்லவா. ஃபால்ட் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நீளமான லைனில் எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் பாதியில் பிரித்துவிட்டுச் சோதிப்போம். நன்றாக இருக்கும் பாதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி பாதியாக்குவோம். அப்படிக் குறுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு கம்பம் மாட்டும். அதே முறையில் இறங்கினேன். குடுமியான்மலைக்குப் போய்ப் பாறைமேல் நின்று மகளுக்குக் கூப்பிட்டேன்.

"எதிரொலி இருக்கா?"

"இல்லப்பா. அப்பா..."

"சரி, வச்சிர்றேன்."

கண்மாய்க் கரையில் நின்று கூப்பிட்டேன். இருக்கா, இல்லப்பா, வச்சிர்றேன். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வாசல், எங்கள் தெருமுனை. இருக்கா, இல்லப்பா, வச்சிர்றேன். கம்பத்துப் பேச்சு. ஒவ்வொரு தடவையும் அவள் 'அப்பா' என்று எதையோ தொடங்கியதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

தெருமுனையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. டவர் இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது வீடு.

புரட்டாசி சனிக்கிழமை. அக்கா பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தது. காலை வெயில் வாசலில் இருந்தது. மகளைக் கூப்பிட்டு, "இன்னைக்குப் போன வைக்காத. கம்பம் கம்பமாப் பாத்துருவோம்" என்றேன்.

"எதுக்குப்பா இவ்வளவு பாடுபடுறீங்க?"

"ஒங்கிட்டப் பேசணும்ல."

நான் வாசற்படியில் நின்றேன்.

"இப்ப இருக்கா?"

"இல்லப்பா."

அடுக்களைக்குப் போனேன். இல்லை. கொல்லையில் அவளுடைய அம்மா குரலைத் தாழ்த்திப் பேசும் இடத்தில் நின்றேன். இல்லை. படுக்கும் அறை, இல்லை. கூடத்துக்கு வந்தேன். இல்லை. எங்கேயும் இல்லாத ஒன்று எப்படி இருக்கும் என்று எரிச்சலாக வந்தது. அலுப்பில் கை தன் வழக்கப்படி போனைக் கொண்டுபோய்ப் படத்தின்மேல் சாய்த்தது. விரல் ஸ்பீக்கரை அமுக்கியது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இப்ப?"

"இப்ப இருக்குப்பா. நான் சொல்றது அப்படியே திரும்புது."

நான் மாடத்தைப் பார்த்தபடி இருந்தேன். சிமெண்டுப் பெட்டி. கண்ணாடி. உள்ளே முழுச் சத்தத்தில் போன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூட விளங்கிவிடும். நான் எல்லாக் கம்பத்திலும் ஏறிப் பார்த்திருந்தேன், இந்த ஒன்றைத் தவிர.

"அப்பா, போன எங்க வச்சிருக்கீங்க?"

"டிவி மாடத்துல."

"அங்க அம்மா படம்ல இருக்கு?"

"ஆமாத்தா."

"எப்பவும் அங்கதான் வைப்பீங்களா?"

"ஒங்க அம்மாகிட்ட குடுத்துக் குடுத்துப் பழகிருச்சு. கை கேக்க மாட்டேங்குது."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கூடத்தில் கேட்டது. அது அவளுக்கும் திரும்பக் கேட்டிருக்கும்.

"எடுத்துக் காதுல வைங்கப்பா. ஸ்பீக்கர அமத்துங்க," என்றாள்.

எழுந்து போய் எடுத்தேன். ஸ்பீக்கரை அணைத்ததும் கூடம் சட்டென்று காலியாகிவிட்டது. நாற்காலி, துண்டு, படம். நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. போனைக் காதில் வைத்தேன். அவள் குரல் சின்னதாக இருந்தது, ஆனால் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

"அத்தை இருக்காங்களா?"

"இல்ல, கோயிலுக்குப் போயிருக்கு."

"வேற யாராச்சும்?"

"இந்த வீட்டுல வேற யாருத்தா இருக்கா, நான் ஒருத்தன்தான்."

"எதிரொலி வந்தா அங்கிட்டு ஸ்பீக்கர்ல இருக்குன்னு இங்க கடையில சொன்னாங்கப்பா. அத்தை கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன். ஸ்பீக்கர அமத்துங்கன்னு சொன்னா அதுவும் அவங்க காதுல விழும். வருத்தப்படுவாங்கள்ல." நிறுத்தினாள். "அப்பா, ரெண்டு மாசம் இருந்துச்சுப்பா. மூணு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு யார்ட்டயும் சொல்லல. தங்கல."

"எப்பத்தா?"

"சித்திரையில. அத்தை விசேஷம் உண்டான்னு கேட்டாங்கள்ல, அதுக்கு முந்துன வாரம். அன்னைக்கு ஒங்ககிட்டச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன். வார்த்தை முழுசாக வாய்க்குள் வந்துவிட்டது. கையும் போனைக் காதிலிருந்து ஒரு சாண் விலக்கி மாடத்துப் பக்கம் நீட்டிவிட்டது. ஒரு தகப்பனிடம் பெண் பேசுகிற பேச்சா இது? இதைக் கேட்க வேண்டியவள் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டேன்.

"அம்மா இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்ப்பா," என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவரு டூட்டிக்குப் போயிர்றாரு. கதவச் சாத்துனா ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு..."

"ஒனக்கு மட்டும் இல்லத்தா," என்றேன். "ஒங்க அம்மாவுக்கும் ஆச்சு. ஒனக்கு முன்னாடி ஒன்னு."



"அம்மா சொன்னதே இல்லையே."

"யார்ட்டயும் சொன்னதில்ல. ஒங்க அத்தைக்குக் கூடத் தெரியாது. அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவள் போன பிறகு அது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். ஆசுபத்திரி நடையில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. எனக்கு என்ன பேசுவது என்று தெரியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிக் கழற்றி மாட்டியது. அவள் படுத்தபடியே, "அது நல்லாத்தான ஓடுது, இங்கிட்டு வந்து உக்காருங்க" என்று சொன்னது. எல்லாம் எனக்குள்ளேயே கிடந்திருக்கிறது. யாரும் கேட்டதில்லை.

"அதுக்கு அடுத்துத்தான் நீ," என்றேன்.

மகள் அழுதாள். அம்மாவிடம் அழுவது மாதிரி, மறைக்காமல் அழுதாள். நான் வைக்கவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் தாண்டிப் போய்க் கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா அப்ப என்னப்பா பண்ணாங்க? எல்லாம் சொல்லுங்க," என்றாள் ஓய்ந்த பிறகு.

சொன்னேன். சுவரைப் பார்த்தே கிடந்தவள் ஒரு நாள் முந்திரிப் பழத்தை நறுக்கி உப்புத் தொட்டுத் தின்னக் கேட்டதை, ஆதனக்கோட்டைப் பக்கம் லைன் வேலைக்குப் போய்விட்டு நான் சட்டைப்பை கறைபடக் கொண்டுவந்ததை, அந்தச் சட்டைக்காக அவள் திட்டியதை. அவள் திட்டியபோது எனக்கு உயிர் வந்ததையும் சொன்னேன். மகள் நடுவில் ஒரு தடவை சிரித்தாள். அப்புறம் அவள் சொல்ல ஆரம்பித்தாள், சித்திரையில் நடந்ததையெல்லாம், முதலிலிருந்து. வெயில் படிக்கு வந்துவிட்டது. போன் சூடேறிக் காது சுட்டது. அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு, "ம், சொல்லுத்தா" என்றேன்.